8 ஜிபி மெமரியில் 17 கோடி வரி: பெரிய குவெரிகளை விழாமல் ஓட்டும் முறை

காரைக்குடியில் தலைமைக் கடை. தேவகோட்டை, புதுவயல், கோட்டையூர், பள்ளத்தூர், திருப்பத்தூர் என்று சுற்றுவட்டாரத்தில் கிளைகள்; தலைமைக் கடையோடு சேர்த்து மொத்தம் 12. கடைக்கு நாளொன்றுக்கு 1,000 பில், பில்லுக்குச் சராசரி 4 சரக்கு. சரக்குக்கு அட்டவணையில் ஒரு வரி (கிடைவரிசை) என்றால் நாளுக்கு 48,000 வரி. பத்தாண்டில் ஏறத்தாழ 17.5 கோடி வரி. பில் போடும் மென்பொருளிலிருந்து, காற்புள்ளியால் பிரித்த எழுத்துக் கோப்பான சிஎஸ்வி-யாக இறக்கினால், வரிக்கு 140 பைட் வீதம் 24.5 ஜிபி. கணக்கு அறையில் இருப்பதோ 8 ஜிபி மெமரி உள்ள கணினி. ‘எந்த வாடிக்கையாளர் எந்தக் கிளையில் எவ்வளவு வாங்கினார்’ என்று கேட்டால், ஒன்று கணினி உறைந்துபோகிறது, அல்லது குவெரி (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி) பாதியில் சாகிறது.

கடை கற்பனைதான். ஆனால் ஜவுளி, பலசரக்கு, அரிசி ஆலை, மருந்து மொத்த வியாபாரம் என்று எதை எடுத்தாலும் சிக்கல் இதே உருவத்தில்தான் வரும். ஆகவே கடைசிவரை இந்தக் கடையின் கணக்கையே வைத்துக்கொள்வோம். தரவுத்தளக் கருவிகளில் டக்டிபி முதலில், போஸ்ட்கிரஸ் அடுத்து, கிளிக்ஹவுஸ் பற்றிச் சில வரிகள். அமைப்புகளின் பெயர்கள் ஒலிப்படி தமிழில் உள்ளன. தட்டச்சிடும்போது ஆங்கில எழுத்தில், அடிக்கோடு இருக்கும் இடத்தில் அடிக்கோட்டுடனே இடவேண்டும்.

ஓடும் வேலை, தேங்கும் வேலை

24 ஜிபி தரவைப் படிக்க 24 ஜிபி மெமரி வேண்டியதில்லை. ‘2023-ல் புதுவயல் கிளையில் விற்றவை’ என்று வடிகட்டும் குவெரி, ஒரு பிடி வரிகளை எடுத்து, பார்த்து, வேண்டாததைத் தள்ளிவிட்டு அடுத்த பிடிக்குப் போய்விடும். டக்டிபி ஒரு பிடிக்கு 2,048 வரி எடுக்கிறது. இது ஓடும் வேலை. தரவு 2 ஜிபியானாலும் 200 ஜிபியானாலும் கையில் பிடித்திருப்பது அதே அளவுதான்.

மெமரியைத் தின்பவை தேங்கும் வேலைகள். கடைசி வரியைப் பார்க்கும்வரை முதல் விடையைச் சொல்ல முடியாதவை இவை. முக்கியமானவை நான்கு: வகைப்படுத்திக் கூட்டும் குரூப் பை, வரிசைப்படுத்தும் ஆர்டர் பை, இரண்டு அட்டவணையைச் சேர்க்கும் ஜாயின், மற்ற வரிகளைப் பார்த்து ஒவ்வொரு வரிக்கும் மதிப்புப் போடும் விண்டோ ஃபங்ஷன் (ஓவர் என்று எழுதுவது). டிஸ்டிங்க்ட் என்பது மாறுவேடத்தில் வரும் குரூப் பை. இரண்டு விடைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்க்கும் வெறும் யூனியனும் அப்படித்தான். அது இரட்டைகளை நீக்குவதற்காக எல்லாவற்றையும் நினைவில் வைத்துக்கொள்கிறது. இரட்டை வராது என்று தெரிந்தால் யூனியன் ஆல் எழுதினால் போதும், அந்தச் சுமையே இல்லை.

ஆகவே குவெரி விழுந்தால் தரவின் அளவைப் பார்ப்பதில் பயனில்லை. எந்தத் தேங்கும் வேலை, எத்தனை வரியை, எவ்வளவு அகலத்தில், ஒரே நேரத்தில் எத்தனை இடத்தில் பிடித்திருக்கிறது என்று பார்க்கவேண்டும். இனி வருவதெல்லாம் இந்த நான்கில் ஒன்றைக் குறைக்கும் வழிதான். கூடுதல் மெமரி வாங்குவதில் தப்பில்லை. ஆனால் தப்பான ஜாயின் ஒன்று 64 ஜிபியையும் ஒரே மூச்சில் விழுங்கும்.

ஓட்டுமுன் ஒரு துண்டுத்தாள் கணக்கு

100 கோடி பைட் ஒரு ஜிபி என்று வைத்துக்கொண்டால் மனக்கணக்கே போதும்.

குரூப் பை-க்கு வரி எண்ணிக்கை முக்கியமில்லை, குழு எண்ணிக்கைதான் முக்கியம். கிளைவாரி, மாதவாரி விற்பனை என்றால் 12 கிளை, 120 மாதம், 1,440 குழு. 17.5 கோடி வரியைப் படித்தாலும் மெமரியில் நிற்பது 1,440 கூட்டுத்தொகைதான், மிகச் சிறியது. அதையே பில் எண்வாரி கேட்டால் 4.4 கோடி குழு. ஒரு குழுவுக்குச் சாவி (எதைக்கொண்டு பிரிக்கிறோமோ அது), ஹேஷ் (சாவியை விரைவாகத் தேட அதிலிருந்து கணக்கிடும் எண்), கூட்டுத்தொகை, எண்ணிக்கை, காலி இடம் எல்லாம் சேர்த்து 50 பைட் என்று போட்டால் 2.2 ஜிபி. சாவியாகக் கடை ஊர்ப்பெயரும் வாடிக்கையாளர் பெயரும் எழுத்துவடிவில் போனால் இது எளிதாக மூன்று மடங்காகும்.

ஆர்டர் பை-க்கு வரி எண்ணிக்கையை வரி அகலத்தால் பெருக்கவேண்டும். நான்கு பத்திதான் (நெடுவரிசை) வேண்டும், அவை 17 பைட் என்றால் 3 ஜிபி. பத்திப் பெயர் எழுதச் சோம்பல்பட்டு நட்சத்திரக்குறி போட்டால் 24 ஜிபி. வேறுபாடு ஒரு விசை அழுத்தத்தில். ஆர்டர் பை-யோடு லிமிட் 100 இருந்தால் கதையே வேறு: முதல் 100 வரியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மற்றதை உடனுக்குடன் தள்ளிவிடும், மெமரி கிட்டத்தட்ட வேண்டாம்.

ஜாயினில் ஒரு பக்கத்தை மட்டும் மெமரியில் ஹேஷ் அட்டவணையாகக் கட்டும், மறுபக்கம் ஓடிப்போகும். 40,000 சரக்குள்ள பட்டியல் வரிக்கு 100 பைட் என்றால் 4 எம்பி, பயமில்லை. 17.5 கோடி வரியுள்ள பக்கத்தைக் கட்டும் பக்கமாக எடுத்துவிட்டால்தான் விபரீதம். குவெரியை எப்படி ஓட்டப்போகிறது என்று காட்டும் எக்ஸ்பிளெய்ன் போட்டுப் பார்த்தால் எதைக் கட்டுகிறது என்று தெரியும்.

சரக்கை முதலில் சுருக்குதல்

சிஎஸ்வி மீதே குவெரி ஓட்டாதீர்கள். ஒவ்வொரு முறையும் 24.5 ஜிபியை எழுத்தெழுத்தாகப் படிக்கவேண்டும். ஒரே ஒரு பத்தி வேண்டுமென்றாலும் முழு வரியையும் படித்தாகவேண்டும். ஒருமுறை பார்க்கே கோப்பாக மாற்றிவிட்டால் பத்தி பத்தியாகச் சேமிக்கப்படும், கேட்ட பத்தி மட்டும் வட்டிலிருந்து வரும்.

மாற்றும்போது தரவு வகைகளை நீங்களே எழுதிக் கொடுங்கள். டக்டிபி தானாக ஊகிக்கும், ஆனால் இயல்பாக முதல் 20,480 வரிகளைப் பார்த்துத்தான். அதுவரை எண்ணாகவே வந்த வாடிக்கையாளர் குறியீடு, மூன்று கோடியாவது வரியில் ‘ஏ102’ என்று வந்தால் அங்கே நின்றுவிடும். தேதியைத் தேதியாக, தொகையைப் பைசாவோடு டெசிமலாக, அளவை எண்ணாக வைக்கவேண்டும். எல்லாவற்றையும் எழுத்தாக விட்டுவிட்டுக் குவெரியில் மாற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணம்தான் பல இடத்தில் மெமரி போகும் வழி.

தமிழில் ஊர்ப்பெயர் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்கவேண்டும். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். ‘காரைக்குடி’ என்பதில் க, கால், ர, ஐகாரக்குறி, க, புள்ளி, க, உகரக்குறி, ட, இகரக்குறி என்று 10 குறியீடு, 30 பைட். 17.5 கோடி வரியிலும் இந்த நீளத்தில் ஊர்ப்பெயர் இருந்தால் அந்தப் பத்தி மட்டும் 5.25 ஜிபி. கிளைக்கு 1 முதல் 12 வரை எண் கொடுத்து 1 பைட்டில் வைத்தால் 175 எம்பி. பார்க்கே கோப்பு அகராதி முறையில் வட்டில் இதைச் சுருக்கிவிடும் என்பது உண்மை. ஆனால் குரூப் பை-யிலும் வரிசைப்படுத்தலிலும் மெமரியில் விரியும்போது எழுத்து எழுத்துதான். டக்டிபியில் ‘ஈனம்’ (ENUM) என்ற வகையும் உண்டு. பெயர் பெயராகவே தெரியும், உள்ளே சிறு எண்ணாக இருக்கும்.

தமிழில் இன்னொரு பொறி: ‘தேவகோட்டை’யில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஏகாரக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பைட் அளவில் வேறு. இரண்டு கிளைகளில் இரண்டு தட்டச்சு முறை இருந்தால் விடையில் தேவகோட்டை இரண்டு முறை வரும், யாரும் காரணம் கண்டுபிடிக்க மாட்டார்கள். சரக்குப் பெயரிலும் இதே வம்பு உண்டு. மாற்றும் நேரத்திலேயே டக்டிபியில் என்எஃப்சி_நார்மலைஸ், போஸ்ட்கிரஸ் 13 முதல் நார்மலைஸ் என்ற ஃபங்ஷனால் ஒருமுகப்படுத்திவிடுங்கள்.

ஆண்டுவாரியாகப் பிரித்து எழுதுங்கள்: பத்து ஆண்டு, பத்து ஃபோல்டர். 2023 மட்டும் கேட்டால் மற்ற ஒன்பதையும் திறக்கவே திறக்காது. ஆசைப்பட்டு நாள்வாரி பிரித்தால் 3,650 ஃபோல்டர், ஒவ்வொன்றிலும் ஒரு சிறு கோப்பு; எழுதும்போதே அத்தனை கோப்புக்கும் இடைத்தாங்கல் (தரவு தற்காலிகமாகத் தங்கும் மெமரி) பிடித்து மெமரி போகும், பிறகு படிப்பதும் மந்தமாகும். ஓர் ஆண்டுக்குள் தேதிவாரி வரிசையில் எழுதினால் மட்டும் போதும். பார்க்கே கோப்பு வரிகளைக் கட்டுக்கட்டாக வைக்கிறது. டக்டிபி எழுதினால் கட்டுக்கு இயல்பாக 1,22,880 வரி. கட்டின் சிறுமமும் பெருமமும் கோப்பின் கடைசியிலுள்ள குறிப்பில் இருப்பதால், தேவையில்லாத கட்டைத் திறக்காமலே தாண்டிவிடும்.

டக்டிபி அமைப்பு: நான்கு வரி

முதலில், கோப்பு தரவுத்தளமாகவே திறக்கவேண்டும். பெயர் கொடுக்காமல் திறந்தால் உருவாக்கும் அட்டவணை எல்லாம் மெமரியிலேயே உட்காரும்.

மெமரி_லிமிட்: இயல்பாக மெமரியில் 80 சதவீதத்தை எடுத்துக்கொள்ளும், 8 ஜிபியில் 6.4. இயங்குதளமும் பிரவுசரும் ஏற்கெனவே 3 ஜிபியில் உட்கார்ந்திருந்தால் கூட்டல் ஒத்துவராது. 4 ஜிபி என்று கட்டிவிடுங்கள். இந்த வரம்பு டக்டிபியின் இடைத்தாங்கல் மேலாளர் வழியாகப் போகும் மெமரியை மட்டும்தான் கட்டுப்படுத்தும். சில வேலைகள் அதற்கு வெளியே கொஞ்சம் எடுக்கும். ஆகவே விளிம்புவரை வைக்காமல், மொத்த மெமரியில் 50 முதல் 60 சதவீதத்துக்குள் நிறுத்துவது நல்லது. வரம்பைக் குறைத்தால் குவெரி ஓடுகிறது, கூட்டினால் சாகிறது என்பது முதலில் விசித்திரமாகத் தெரியும். வரம்பு குறைந்தால் டக்டிபி தானே முன்கூட்டி வட்டில் இறக்கத் தொடங்கும். வரம்பு அதிகமானால் இறக்குவதற்கு முன்பே இயங்குதளம் அதைக் கொன்றுவிடும்.

த்ரெட்ஸ்: வேலையை இணையாகப் பங்கிட்டு ஓட்டும் இழைகள். இயல்பாகச் செயலியில் எத்தனை கோர் உண்டோ அத்தனை. ஒவ்வொரு த்ரெட்டும் தனக்கென்று ஹேஷ் அட்டவணையும் இடைத்தாங்கலும் பிடிக்கிறது. கூட்டல் வேலைக்கு த்ரெட்டுக்கு 1 முதல் 2 ஜிபி, ஜாயின் வேலைக்கு 3 முதல் 4 ஜிபி என்பது டக்டிபி ஆவணமே சொல்லும் அளவு. 4 ஜிபி வரம்பில் கூட்டலுக்கு 2 த்ரெட், பெரிய ஜாயினுக்கு 1 த்ரெட். எட்டு கோரும் ஓடினால் வேகம் என்று விட்டுவைப்பவர்களே அதிகம். மெமரி குறைந்த கணினியில் விழுவதற்கு முதல் காரணமும் அதுதான்.

பிரிசர்வ்_இன்செர்ஷன்_ஆர்டர்: இதை ஃபால்ஸ் ஆக்குங்கள். கோப்பில் இருந்த வரிசையிலேயே வெளியே எழுதவேண்டும் என்ற கட்டாயத்துக்காக டக்டிபி பல கட்டுகளைத் தாங்கி நிற்கும். சிஎஸ்வியைப் பார்க்கேயாக மாற்றும்போது இந்த ஒரு வரி பல விபத்துகளைத் தவிர்க்கும். தேதி வரிசை வேண்டுமென்றால் ஆர்டர் பை என்று வெளிப்படையாகவே கேட்டுக்கொள்ளலாம், ஓர் ஆண்டுக்கு ஒருமுறையாக.

டெம்ப்_டைரக்டரி: மெமரி நிரம்பினால் இறக்கிவைக்கும் இடம். இதற்குத் தனியாகச் சொல்லவேண்டியது உண்டு.

இறக்கிவைக்கும் வட்டு

40 ஜிபியை 4 ஜிபி மெமரியில் வரிசைப்படுத்துவது மாயமில்லை. 4 ஜிபி எடுத்து வரிசைப்படுத்தி வட்டில் ஒரு கட்டாக எழுதும். இப்படிப் பத்துக் கட்டு. பிறகு பத்தின் தலைவரியையும் ஒப்பிட்டுச் சிறியதை எடுத்துக்கொண்டே போகும். குரூப் பை-யும் ஜாயினும் சாவியின் ஹேஷைப் பார்த்துத் தரவைப் பல பங்காக இறக்கி, பங்கு பங்காக மெமரிக்குக் கொண்டுவரும்.

இந்த எழுத்தும் படிப்பும் தொடர்ச்சியாக நடப்பவை. மெமரி போதாதபோது இயங்குதளம் வட்டையே மெமரிபோல் பயன்படுத்தும் ஸ்வாப் அப்படியில்லை. ஹேஷ் அட்டவணையில் அடுத்து எந்த இடத்தைத் தொடும் என்று சொல்ல முடியாது. இயங்குதளம் 4 கேபி பக்கங்களாக அங்கொன்றும் இங்கொன்றும் இழுத்துக்கொண்டிருக்கும். விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், வேலை நகராது. ஸ்வாப்பை அவசரத்துக்கு 2 ஜிபி வைத்துக்கொள்ளலாம், நம்பி இறங்கக்கூடாது.

டெம்ப் இடம் எஸ்எஸ்டி-யில் இருக்கட்டும். வரிசைப்படுத்தும் பத்திகளின் விரிந்த அளவைப்போல் இரண்டு மடங்கு காலியாக இருந்தால் நிம்மதி. பென் டிரைவும் நெட்வொர்க் வட்டும் வேண்டாம். லினக்ஸில் டெம்ப் ஃபோல்டரைத் தேர்ந்தெடுக்கும் முன் டிஎஃப் கட்டளையால் அது எந்த வட்டில் இருக்கிறது என்று பாருங்கள்: சில லினக்ஸ் வகைகளில் வேரிலுள்ள டிஎம்பி ஃபோல்டர் மெமரியிலேயே அமைந்த டிஎம்பிஎஃப்எஸ். மெமரி போதவில்லை என்று மெமரியிலேயே இறக்கிவைத்தால் என்ன ஆகும் என்று விளக்கவேண்டியதில்லை. மேக்ஸ்_டெம்ப்_டைரக்டரி_சைஸ் என்ற வரம்பு இயல்பாக வட்டின் காலி இடத்தில் 90 சதவீதம். அதே வட்டில் பில் போடும் மென்பொருளும் இருந்தால் அதைக் குறைத்துக் கட்டுங்கள். இல்லையென்றால் இரவில் ஓட்டிய குவெரி காலையில் பில் போடவிடாது.

குவெரியைத் திருத்துதல்

அமைப்பால் கிடைப்பது பாதி. மீதி குவெரியில்.

முந்தைய தலைமுறையில் லேவாதேவிக் கடைகளில் கணக்குப்பிள்ளைகள் செய்ததுதான் இங்கும் சரியான வழி. அன்றாட வரவுசெலவு குறிப்பேட்டில். அங்கிருந்து பெயர்வாரியாகப் பேரேட்டில். பேரேட்டுத் தொகைகளிலிருந்து ஐந்தொகை. ஐந்தொகை போடக் குறிப்பேட்டை முதல் நாளிலிருந்து யாரும் புரட்டவில்லை. 17.5 கோடி வரியிலிருந்து நேராக ஆண்டறிக்கைக்குப் போகாமல், ஒருமுறை நாள், கிளை, சரக்குவாரியாகக் கூட்டி ஒரு நடு அட்டவணை செய்து சேமித்துவிடுங்கள். மேலே கேட்கும் பெரும்பாலான கேள்விக்கு அதுவே போதும். மாதம் முடிந்தால் அந்த மாதத்தை மட்டும் கூட்டிச் சேர்க்கலாம்.

எதைச் சேமிக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். தொகையையும் எண்ணிக்கையையும் பிறகு கூட்டிக்கொள்ளலாம். சராசரியைக் கூட்ட முடியாது: கிளைகளின் சராசரிகளைச் சேர்த்து 12-ஆல் வகுத்தால் சின்னக் கிளைக்கும் பெரிய கிளைக்கும் ஒரே எடை கிடைக்கும். தொகையையும் எண்ணிக்கையையும் தனித்தனியாக வைத்துக் கடைசியில் வகுக்கவேண்டும். வெவ்வேறு வாடிக்கையாளர் எத்தனை என்பதையும் கூட்ட முடியாது. தேவகோட்டைக்காரர் காரைக்குடியிலும் வாங்குவார், கிளை எண்ணிக்கைகளைக் கூட்டினால் அவர் இரண்டு ஆளாகிவிடுவார். இதற்கு வழி கீழே வருகிறது.

‘ஒவ்வொரு வாடிக்கையாளரும் கடைசியாக வாங்கியது எது’ என்பதற்குப் பழக்கத்தில் ரோ_நம்பர் என்ற விண்டோ ஃபங்ஷன் எழுதி, முதல் எண்ணை மட்டும் எடுப்பார்கள். எண் போடுவதற்காக 17.5 கோடி வரியும் வரிசைப்படவேண்டும். டக்டிபியில் ஆர்க்_மேக்ஸ் என்று கூட்டலாக எழுதினால் வாடிக்கையாளருக்கு ஒரு வரிதான் கையில் நிற்கும். 5 லட்சம் வாடிக்கையாளர் என்றால் 5 லட்சம் வரி. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் இன்றே செய்து பார்க்கலாம் என்றால் அது இதுதான்.

ரொக்க வாடிக்கையாளர் பொறி எல்லாக் கடையிலும் உண்டு. பெயர் சொல்லாமல் வாங்குவோர் எல்லாரும் வாடிக்கையாளர் எண் 0. மொத்த வரியில் பாதிகூட அந்த ஒரே எண்ணில் இருக்கலாம். தரவை ஹேஷ் பார்த்து எத்தனை பங்காகப் பிரித்தாலும் ஒரே சாவி ஒரே பங்கில்தான் விழும்; அந்தப் பங்கு மட்டும் மெமரியில் அடங்காது. வாடிக்கையாளர்வாரி ஜாயினோ விண்டோவோ எழுதும்போது எண் 0-ஐ ‘வேர்’ (WHERE) நிபந்தனையால் விலக்கிவிட்டு, அதன் மொத்தத்தைத் தனிக் குவெரியாக எடுத்துச் சேருங்கள். வெற்று மதிப்பான நல் இருந்தாலும் இப்படியே.

ஜாயினுக்கு முன் சாவி இரட்டிக்கிறதா என்று பாருங்கள். சரக்குப் பட்டியலில் விலை மாறியபோதெல்லாம் புது வரி சேர்த்து, ஒரு சரக்குக்கு 5 வரி இருந்தால் 17.5 கோடி 87.5 கோடியாகப் பெருகும். விற்பனைத் தொகையும் ஐந்து மடங்காகத் தெரியும்; அதைக் கண்டு முதலாளி மகிழ்வதற்கு முன் சொல்லிவிடுவது நல்லது. சரக்கு எண்வாரி கூட்டி, எண்ணிக்கை 1-க்கு மேல் உள்ளவற்றை ஹேவிங் நிபந்தனையால் எடுத்துப் பார்த்தால் நொடியில் தெரியும். கூடவே, முதலில் கூட்டிப் பிறகு ஜாயின் செய்யுங்கள். சரக்கு எண்வாரி கூட்டினால் 40,000 வரி. அதோடு சரக்குப் பெயரைச் சேர்ப்பது ஒன்றுமேயில்லை. முதலில் பெயரைச் சேர்த்துப் பிறகு பெயர்வாரி கூட்டினால் 17.5 கோடி வரியும் நீளமான தமிழ்ப்பெயரைச் சுமந்துகொண்டு போகும்.

டக்டிபியில் மதிப்புகளை ஒரே பட்டியலாகவோ எழுத்தாகவோ சேர்க்கும் லிஸ்ட், ஸ்ட்ரிங்_அக் இரண்டும் வட்டில் இறங்கா. உள்ளே லிஸ்ட்டைப் பயன்படுத்தும் பிவட்டும் அப்படியே. நடுமதிப்பைத் தரும் மீடியன் போன்றவையும் மதிப்புகளை எல்லாம் பிடித்திருக்கவேண்டியவை. மீடியனுக்கு ஒரு குறுக்குவழி உண்டு: முதலில் தொகைவாரி எத்தனை வரி என்று கூட்டுங்கள். கடையில் வரும் தொகைகள் சில லட்சம் வகைதான். அந்தச் சிறு அட்டவணையில் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போனால் பாதி எங்கே விழுகிறதோ அதுதான் மீடியன், பைசா பிசகாமல். தோராயம் போதுமென்றால் அப்ராக்ஸ்_குவாண்டைல். வெவ்வேறு வாடிக்கையாளர் எண்ணிக்கையும் தோராயமாகப் போதுமென்றால் அப்ராக்ஸ்_கவுண்ட்_டிஸ்டிங்க்ட். சில கிலோபைட்டில் முடியும், சில சதவீதம் முன்பின் இருக்கும். வரித் துறைக்குப் போகும் கணக்கில் இதை வைக்காதீர்கள்.

பந்தி பந்தியாக

கல்யாண வீட்டில் ஆயிரம் பேருக்கு ஒரே நேரத்தில் இலை போடுவதில்லை. கூடத்தில் எத்தனை இலை கொள்ளுமோ அத்தனை பேர். மற்றவர்கள் அடுத்த பந்தி. எல்லாத் திருத்தமும் செய்தபின்னும் மெமரி போதவில்லை என்றால் இதுதான் வழி. ஆனால் எப்படிப் பந்தி பிரிப்பது என்பதில்தான் விடை சரியாவதும் தப்பாவதும்.

தொகை, எண்ணிக்கை என்றால் ஆண்டுவாரி பிரித்து ஒவ்வோர் ஆண்டாக ஓட்டிச் சேர்த்துவிடலாம். வெவ்வேறு வாடிக்கையாளர் எண்ணிக்கை என்றால் ஆண்டுவாரி பிரிக்கக்கூடாது. ஒரே ஆள் பத்துப் பந்தியிலும் உட்காருவார். எதை எண்ணுகிறோமோ அதைக்கொண்டே பிரிக்கவேண்டும். வாடிக்கையாளர் எண்ணை 8-ஆல் வகுத்து, மீதி 0 வருவோர் முதல் பந்தி, 1 வருவோர் இரண்டாம் பந்தி, இப்படி எட்டு. ஒரு வாடிக்கையாளர் ஒரே பந்தியில்தான் விழுவார். ஆகவே எட்டு விடையையும் தயங்காமல் கூட்டலாம். தேவைப்படும் மெமரி ஏறத்தாழ எட்டில் ஒன்று. எண்ணில் ஏதாவது ஒழுங்கு இருந்தால், உதாரணமாக எல்லாம் இரட்டை எண்ணென்றால், பாதிப் பந்தி காலியாகும். எண்ணை ஹேஷ் செய்து அதன் மீதியை எடுங்கள்.

விலை என்ன? தரவை எட்டு முறை படிக்கவேண்டும். தேவையான நான்கு பத்தி விரிந்த நிலையில் 3 ஜிபி. எட்டு முறைக்கு 24 ஜிபி. நொடிக்கு 500 எம்பி படிக்கும் எஸ்எஸ்டியில் 48 நொடி. நொடிக்கு 120 எம்பி தரும் பழைய வட்டில் 200 நொடி. பார்க்கே சுருக்கம் சேர்ந்தால் இன்னும் குறையும். சாகும் குவெரியோடு ஒரு மாலை முழுவதும் போராடுவதற்கு இது மலிவு.

ஒவ்வொரு பந்தியின் விடையையும் தனிக் கோப்பாக எழுதுங்கள், பந்தி எண்ணைப் பெயரில் வைத்து. ஐந்தாம் பந்தியில் மின்சாரம் போனால் முதல் நான்கு மிஞ்சும்.

போஸ்ட்கிரஸ்ஸில்

இங்கே முக்கியச் சொல் வொர்க்_மெம். இயல்பு 4 எம்பி. பலர் இதைக் குவெரிக்கான வரம்பு என்று நினைக்கிறார்கள். அது ஒவ்வொரு தேங்கும் வேலைக்கும், ஒவ்வொரு பிராசஸுக்கும் தனித்தனி. 64 எம்பி வைத்து, குவெரியில் மூன்று தேங்கும் வேலை, தலைமையோடு இரண்டு துணை பிராசஸ் என்றால் 64 பெருக்கல் 3 பெருக்கல் 3, அதாவது 576 எம்பி. ஹேஷ் வேலைகளுக்கு ஹேஷ்_மெம்_மல்டிப்ளையர் என்ற பெருக்கியும் உண்டு. 15-ஆம் பதிப்பிலிருந்து அது இயல்பாகவே 2. மூன்றும் ஹேஷ் வேலையானால் 1,152 எம்பி. அமைப்புக் கோப்பில் பெரிய எண் போட்டுவைத்தால் கிளைகளிலிருந்து பத்துப் பேர் ஒரே நேரத்தில் கேட்கும்போது 11 ஜிபியைத் தாண்டும். ஆகவே கோப்பில் 8 அல்லது 16 எம்பி. பெரிய அறிக்கை ஓட்டும் இணைப்பில் மட்டும் செட் கட்டளையால் 256 எம்பி, முடிந்ததும் ரீசெட்.

எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் போட்டு ‘எக்ஸ்டர்னல் மெர்ஜ்’ என்று வருகிறதா, ஹேஷ் வரியில் பேட்ச்சஸ் 1-க்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். வந்தால் வட்டில் இறங்கியிருக்கிறது. அதனால் மட்டும் பதறவேண்டாம். இறங்கியும் முடிகிறதென்றால் அது வேலை செய்கிறது என்று பொருள். அனலைஸ் சேர்த்தால் குவெரி உண்மையாகவே ஓடும் என்பதையும் மறக்கக்கூடாது. லாக்_டெம்ப்_ஃபைல்ஸ் 0 என்று வைத்தால் ஒவ்வொரு தற்காலிகக் கோப்பும் பதிவாகும். டெம்ப்_ஃபைல்_லிமிட் இயல்பாகக் கட்டற்றது. வட்டு நிரம்பித் தரவுத்தளமே நிற்காமலிருக்க ஓர் எண் கொடுங்கள்.

12-ஆம் பதிப்போ அதற்கு முந்தையதோ இன்னும் ஓடுகிறதென்றால் ஒரு அபாயம். குழு எண்ணிக்கையைக் குறைவாக ஊகித்து ஹேஷ் கூட்டலில் இறங்கினால், அந்தப் பதிப்புகளில் அது வட்டில் இறங்காது, வளர்ந்துகொண்டே போகும். 13 முதல்தான் இறங்கும். பெரிய அளவில் தரவு ஏற்றியபின், அட்டவணையின் புள்ளிவிவரம் எடுக்கும் அனலைஸ் கட்டளையைத் தனியாக ஓட்டாமல் விடுவதும் இந்தத் தப்பூகத்துக்குக் காரணம். தேதி வரிசையில் ஏறும் பில் அட்டவணைக்கு ப்ரின் இண்டெக்ஸ் போடுங்கள். சாதாரண இண்டெக்ஸோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது, தேதி வடிகட்டலுக்குப் போதுமானது.

கிளிக்ஹவுஸில் மேக்ஸ்_மெமரி_யூசேஜ் வரம்பைக் கட்டியபின், மேக்ஸ்_பைட்ஸ்_பிஃபோர்_எக்ஸ்டர்னல்_குரூப்_பை-யை அதில் பாதியாக வையுங்கள். வரிசைப்படுத்தலுக்கும் அதேபோல் ஒன்று உண்டு. ஜாயின்_அல்காரிதம் கிரேஸ்_ஹேஷ் ஆனால் ஜாயினும் பங்கு பங்காக இறங்கும்.

விழுந்தால் எங்கே பார்ப்பது

திரையில் ‘கில்டு’ என்று மட்டும் வந்து, வெளியேறும் எண் 137 என்றால் கொன்றது லினக்ஸ். டிமெசேஜ் (dmesg) பதிவில் பெயரோடு இருக்கும். வரம்பைக் குறைக்கவேண்டும். டக்டிபியே ‘அவுட் ஆஃப் மெமரி’ என்று சொல்லி நின்றால் நல்ல அறிகுறி: வரம்பு வேலை செய்கிறது, ஆனால் இறக்க முடியாத ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது. லிஸ்ட், ஸ்ட்ரிங்_அக், ஒரே குவெரியில் மூன்று நான்கு கவுண்ட் டிஸ்டிங்க்ட், அல்லது த்ரெட் அதிகம். இன்னொரு குவெரியில் டக்டிபி_மெமரி ஃபங்ஷனைக் கேட்டால் எந்த வகை வேலை எவ்வளவு பிடித்திருக்கிறது என்று காட்டும். தற்காலிகக் கோப்புகளுக்கு டக்டிபி_டெம்பரரி_ஃபைல்ஸ்.

தரவுத்தளத்தில் குறையே இல்லாமல் விடை வாங்கும் இடம் சாவதும் உண்டு. பைதான் மொழியின் தரவு நூலகமான பாண்டாஸ் முழு விடையையும் மெமரியில் வாங்கும். எழுத்துகளைப் பைதான் பொருளாக வைத்தால் ஒவ்வொன்றுக்கும் உள்ளடக்கம் போக ஏறத்தாழ 50 பைட் கூடுதல். விடை லட்சம் வரியைத் தாண்டினால் நிரலுக்குள் இழுக்காமல் காப்பி கட்டளையால் நேராகக் கோப்பில் எழுதுங்கள். போஸ்ட்கிரஸ்ஸின் கட்டளைத்திரையான பிஎஸ்க்யூஎல்-லில் ஃபெட்ச்_கவுண்ட் 10000 என்று வைத்தால் துண்டு துண்டாக வாங்கும். பைதானைப் போஸ்ட்கிரஸ்ஸோடு இணைக்கும் சைகோபிஜி-யில் பெயரிட்ட கர்சர் அதே வேலையைச் செய்யும். ஜாவாவை இணைக்கும் ஜேடிபிசி-யில் ஆட்டோகமிட்டை நிறுத்தி ஃபெட்ச் அளவு கொடுத்தால்தான் துண்டாக வரும். இரண்டில் ஒன்றை மட்டும் செய்தால் பலனில்லை.

மின்வெட்டில் கணினி நின்றால் டக்டிபியின் டெம்ப் ஃபோல்டரில் பழைய கோப்புகள் தங்கியிருக்கலாம். டக்டிபி எங்கும் ஓடவில்லை என்று உறுதிசெய்துகொண்டு அழியுங்கள். போஸ்ட்கிரஸ் மறுபடி தொடங்கும்போது தானே துடைத்துக்கொள்ளும். அதன் ஃபோல்டருக்குள் கையை வைக்கவேண்டாம்.

முதன்முறை பத்தாண்டையும் ஓட்டாதீர்கள். ஒரு மாதம் ஓட்டி, டெம்ப் அளவையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஓர் ஆண்டு. மெமரி 12 மடங்கு ஏறாமல் சற்றே ஏறினால் பத்தாண்டும் ஓடும்.

பந்தி பிரித்து எடுத்த விடைகளின் மொத்தத்தை மூலத்தோடு ஒப்பிட்டபின்தான் சிஎஸ்வியை வேறு வட்டுக்கு மாற்றவேண்டும். ஒப்பிட வேண்டியவை மூன்று: மொத்த வரி எண்ணிக்கை, மொத்தத் தொகை, மாதவாரித் தொகை. மாதவாரித் தொகை ஜிஎஸ்டி கணக்கில் காட்டிய விற்பனையோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சில பைசா மட்டும் பிசகினால் தொகைப் பத்தி டெசிமலாக இல்லாமல், பின்னத்தைத் தோராயமாகச் சேமிக்கும் டபுள் வகையில் இருக்கிறது என்று பொருள். ஒரு கிளையின் ஒரு நாள் மட்டும் முழுதாகக் குறைந்தால், அந்த நாளின் சிஎஸ்வியில் மேற்கோள் குறி மூடாத சரக்குப் பெயர் ஒன்று இருக்கும், 2.5 அங்குலம் என்பதற்கு யாரோ இரட்டை மேற்கோள் போட்டிருப்பார்கள்.